கொடைக்கானல் பாதரசம்: உடலில் தங்காத சாட்சியம்

கண்ணாடிக்கு ரசம் பூசிய வெனிஸ் கைவினைஞர்களின் உடல் நடுக்கத்தை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இலேயே எழுதிவைத்தார். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரத்து வெப்பமானித் தொழிற்சாலை 1983-இல் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டபோது, பாதரசத்தின் தீங்கு மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழைய செய்தி. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. அங்கு உருவான வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே சென்றன. கழிவு மலையிலேயே தங்கியது.

அதை வெளிக்கொணர்ந்தது ஆய்வாளரின் அறிக்கையன்று, மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய பொருள் கிடங்கு. 2001 மார்ச்சில், ஏழு டன்னுக்கும் மேற்பட்ட பாதரசம் படிந்த உடைகண்ணாடி அங்குக் குவிந்து கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் ஊரறியச் செய்தன. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்கு நச்சுக்கழிவு திரும்பிய அரிய நிகழ்வு இது.

தொழிலாளரின் வழக்கு அவ்வளவு எளிதாக நகரவில்லை. பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் புகுவதில் ஐந்தில் நான்கு பங்கை நுரையீரல் ஈர்த்துக்கொள்ளும். அது குருதிவழி மூளையையும் சிறுநீரகத்தையும் அடையும். கைநடுக்கம், ஈறுவீக்கம், மறதி, காரணமற்ற எரிச்சல், கூச்சம் ஆகியன அதன் பழைய அடையாளங்கள். ஆனால் வேலையை விட்ட சில மாதங்களிலேயே சிறுநீரில் பாதரச அளவு பெரிதும் குறைந்துவிடும். சிதைந்த நரம்போ அதனோடு சீராகிவிடுவதில்லை. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து எடுக்கும் பரிசோதனையில் 'இயல்பு' என்று வருவதை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்வது எவ்வகையிலும் பொருந்தாது. வழக்கின் முடிச்சு இங்கேதான் இறுகியது. பணியிடத்தால் உடல்நலக் கேடு ஏதும் நேரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது.

2006-இல் முன்னாள் தொழிலாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2015-இல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் இவ்விவகாரத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. 2016 மார்ச்சில் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. அப்போதும் தொகை மனிதாபிமான அடிப்படையில் வழங்கப்படுவதாகவே கூறப்பட்டது. பிறகு விவாதம் மண்ணுக்கு மாறியது: ஆலைக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை இருக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்வரை மண்ணில் விட்டுவைக்கலாமா என்பது.