வெயில் களிம்புகளில் யுவிஏ காப்புக் குறியீடு

சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில் களிம்பு, புறஊதா ஏ (யுவிஏ) கதிரிலிருந்து தோலை எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு. இந்தியக் கடைகளில் கிடைக்கும் களிம்புகளில் இது பெரும்பாலும் ‘பிஏ’ என்ற எழுத்துகளாகவும் அவற்றை அடுத்த கூட்டல் குறிகளாகவும் இருக்கும். பெரிதாக அச்சிடப்படும் எஸ்பிஎஃப் எண், முதன்மையாகத் தோலைச் சிவக்கவைக்கும் புறஊதா பி கதிருக்கான கணக்கு.

320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஏ கதிர் தோலில் ஆழமாக இறங்கும். சன்னல் கண்ணாடியையும் கடக்கும். தோல் கருப்பதிலும் சுருங்குவதிலும் மங்கு படர்வதிலும் இதற்குப் பங்குண்டு. ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏப்ரல் நடுவாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பி கதிர் உச்சிவேளையில் கூடி, காலையிலும் மாலையிலும் வெகுவாகக் குறையும். ஏ கதிர் அந்த அளவுக்குக் குறைவதில்லை. விடிந்த சில மணி நேரத்தில் கரையில் நின்று கரமடி வலை இழுப்பவரின் தோல் எரிச்சலே இல்லாமல் கருப்பது இதனால்தான். நம் மாநிறத் தோல் எளிதில் சிவந்து எச்சரிக்காது. ஆகவே எஸ்பிஎஃப் 50 என்பதைப் பார்த்த உடனே வாங்கிவிடாமல், கூட்டல் குறிகளையும் எண்ணிப் பார்ப்பது மிக அவசியம்.

பிஏ முறை 1996இல் ஜப்பானில் வந்தது. களிம்பு பூசிய தோலிலும் பூசாத தோலிலும் ஏ கதிரைப் பாய்ச்சி, நிலைத்து நிற்கும் கருமை தோன்ற எவ்வளவு கதிர் தேவைப்பட்டது என்று ஒப்பிடுவார்கள். பூசிய இடத்துக்கு 2 முதல் 4 மடங்கு தேவைப்பட்டால் ஒரு கூட்டல். 4 முதல் 8 வரை இரண்டு. 8 முதல் 16 வரை மூன்று. 16க்கும் மேற்பட்டவற்றுக்கான நான்காம் குறி 2013இல் சேர்ந்தது. ஐரோப்பாவில் வட்டத்துக்குள் ‘யுவிஏ’ என்று அச்சிடுகிறார்கள். ஏ கதிர்க் காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்பது அதன் பொருள்.

களிம்பில் இந்தக் காப்பைத் தரும் பொருள்களில் ஒன்றின் மூலத் தாது கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கிடைக்கிறது. அங்குள்ள மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத் தாதுக்கள். இத்தகைய தாதுக்களிலிருந்தே டைட்டானியம் டைஆக்சைடு உருவாகிறது. களிம்பில் அது பி கதிரையும் குறுகிய ஏ கதிரையும் நன்றாகத் தடுக்கும். நீண்ட ஏ கதிரிடம் அதன் வலு குறைவு. அதை ஈடுகட்டவே துத்தநாக ஆக்சைடு, அவோபென்சோன் போன்றவை சேர்க்கப்படுகின்றன.

சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. காப்பும் அதற்கேற்பக் குறையும். வியர்வை வழியும் கடற்கரையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பாதிக்கும். பிஏ குறி அதை அளப்பதில்லை. அவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பு பொருத்தமானது.