கானகமும் சட்டமும்

"யானைக்கும் புலிக்கும் சட்டம் ஒரு கேடா?" என்று நம்மவரிற் சிலர் நகைப்பதுண்டு. இரவில் யானைக் கூட்டம் பிடுங்கியெறிந்த செம்பனைக் கன்றுகளை விடிந்ததும் பேரேட்டில் நட்டமென ஏற்றும் கிராணிமாருள் நாமும் ஒருவராதலின், அந்நகைப்பின் காரணம் அறியாதாரல்லோம். ஆயினும் அச்சட்டத்தின் வரலாற்றை நோக்குங்கால், குற்றம் யானையின்மேல் மட்டும் சுமத்தற்குரியதன்று என்பது விளங்கும்.

மலாயாவின் பழைய வேட்டைச் சட்டங்கள் பெரிதும் வேட்டையாடுவோர் பொருட்டே எழுந்தவை. லைசென்சுக்குப் பணங்கட்ட வல்ல துரைமாருக்குத் துப்பாக்கி இன்பம் அற்றுப்போகலாமோ! ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் பேர்பெற்ற புலிவேட்டைக்காரரே. இந்நிலையை மாற்ற முனைந்தவர் தியோடர் ஹபேக் என்னும் தோட்டத்துரை. செலாடாங்கையும் யானையையும் சுட்டு வீழ்த்திப் புத்தகமும் எழுதியவர், பின்னாளில் அவற்றுக்கே வழக்கறிஞரானார். 1930இல் அமைந்த வனவிலங்குக் கமிஷனுக்குத் தலைமை தாங்கி, ஊர் ஊராய்ச் சாட்சியங் கேட்டு, 1932இல் மூன்று பாகங்களில் அறிக்கை வெளியிட்டார். ஜொகூரில் 1933இல் எண்டாவ்–குளுவாங் காப்பகம் ஏற்பட்டது.

ஆனால் காப்பகம் என்று பெயரிட்டுவிட்டால் கோடரி நின்றுவிடுமோ? 1957ஆம் ஆண்டு அரசமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தைச் சேர்ந்தன. வனவிலங்குப் பாதுகாப்போ மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை நீக்கி வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் விலங்கைக் கொல்வோரைத் தண்டித்தன. ஆகவே, புலியைச் சுட்டவனுக்குச் சிறை. புலி வாழும் காட்டை வெட்டுபவனுக்கு லைசென்சு!

இம்முரண்பாடு வெட்டவெளிச்சமானது ஜொகூர்–பகாங் எல்லையிலுள்ள எண்டாவ்–ரொம்பின் காட்டில். தேசியப் பூங்காவாக்கத் திட்டமிடப்பட்டிருந்த அக்காட்டின் நடுப்பகுதியிலேயே, 1977இல் பகாங் அரசு ஏறக்குறைய 12,000 ஹெக்டேரில் மரம் வெட்ட அனுமதித்தது. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, மலாயா இயற்கைச் சங்கம் போராடியது, மறு ஆண்டில் வெட்டு நின்றது. 1985–86இல் அச்சங்கத்தார் அக்காட்டினுட் புகுந்து ஆராய்ந்தனர். உலகம் அதுவரை அறியாத விசிறிப்பனை ஒன்று அங்கே அறியப்பட்டு, எண்டாவின் பெயரையே பெற்றது. கூச்சலோடு நில்லாமல் சான்று தேடிச் சென்ற அச்செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

1980இல் மத்திய அரசு தேசியப் பூங்காச் சட்டம் இயற்றியும், அதன்கீழ்த் தம் நிலத்தை ஒப்புவிக்க மாநிலங்கள் இசையவில்லை. ஜொகூர் 1989இல் தானே ஒரு சட்டமியற்றிப் பூங்காக் கழகம் நிறுவியது. 1993இல் ஏறக்குறைய 49,000 ஹெக்டேரைப் பூங்காவென அறிவித்தது. பகாங் தன் பகுதியைத் தனியே வைத்துக்கொண்டது.

காண்டாமிருகத்துக்கு இது காலங்கடந்த உதவி. அக்காட்டுக்குப் புகழ் தந்த சுமத்திரா காண்டாமிருகத்தின் கடைசி உயிர், மலேசிய மண்ணில், சபாவில் 2019 நவம்பரில் மாண்டது. யானைகள் எஞ்சியுள்ளன. தோட்டம் புகுந்தவற்றைப் பிடித்துக் காடேற்ற, அஸ்ஸாமிலிருந்து பழக்கிய யானைகளை வருவித்து, 1974இலேயே வனவிலங்கு இலாகா ஏற்பாடு செய்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கம்போங் பேத்தாவில் ஜாக்குன் மக்கள் வாழ்கின்றனர். எந்தச் சட்டத்துக்கும் முன்னரே அக்காட்டை அறிந்தவர்கள் அவர்கள். எல்லைக்கோடு கீறியபோது தங்கள் பழநிலம் கோட்டுக்குள் அகப்பட்டதென்று அவர்கள் முறையிட நேர்ந்தது. இன்று பூங்காவுக்கு வருவோரை ஆற்றுவழியே அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுள் அவர்களும் உளர்.