அரண்மனைப் பேச்சும் அச்சுக்கூடமும்

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே பாரதியாரையும் அவருடைய ‘இந்தியா’ பத்திரிகையையும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1908ல் அந்தப் பத்திரிகை வெள்ளைக்காரன் கைக்கு எட்டாமல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போயிற்று. 1910ல் நின்றும் போயிற்று. ஆனால் அதே 1910ல், நாம் பிழைக்க வந்து குடியிருக்கும் இந்த மலையாள தேசத்தில் நடந்த ஒரு பெரிய சங்கதி நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுக்கு மலையாளப் பாடத்தில் வருகிறது. ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை என்ற பத்திரிகாசிரியரைத் திருவிதாங்கூர் மகாராஜா நாடு கடத்திய கதைதான் அது. நாடு கடத்தப்பட்டவர் வந்து தங்கிய ஊர்களில் ஒன்று நம் பாலக்காடு. அதனால்தான் மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவோம் என்று தீர்மானித்தேன்.

கதைக்குள் போவதற்கு முன்பு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கேரளத்து அரண்மனைகளில் குடும்பச் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காரணம் மருமக்கத்தாயம். ராஜாவின் மகன் ராஜா ஆக முடியாது. சகோதரியின் மகன்தான் ஆவான். ராஜாவின் மனைவிக்கு ராணிப் பட்டம் கிடையாது, அவள் பெற்ற பிள்ளைகள் ‘தம்பி’கள், பெண்கள் ‘தங்கச்சி’கள். ராஜா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டுக்குச் செல்வாக்கு, கண் மூடினால் அடுத்த நாளே எல்லாம் போச்சு. அப்படியிருந்தால் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார்களா மாட்டார்களா? பட்டத்துக்கு உரிய தாய்வழிக் குடும்பம் ஒரு பக்கம், ராஜாவின் சொந்தப் பிள்ளைகளும் அரண்மனைச் சேவகர்களும் இன்னொரு பக்கம் என்று எப்போதும் இரண்டு கட்சி.

1729ல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது முந்தைய ராஜாவின் பிள்ளைகளான பப்புத் தம்பி, ராமன் தம்பி இருவரோடும் மூண்ட சண்டை அந்த வகைதான். தம்பிமார் கொல்லப்பட்டார்கள். அச்சுக்கூடம் இல்லாத காலம், பத்திரிகை ஏது? ஆனால் ஜனங்கள் வாயை அடைக்க முடிந்ததா? நாஞ்சில் நாட்டில் ‘தம்பிமார் கதை’ என்று தமிழிலேயே வில்லுப்பாட்டு கட்டிக் கோயில் கொடைகளில் பாடினார்கள். அந்தப் பாட்டின்படி சண்டைக்குக் காரணமே தம்பிமாரின் சகோதரியை ராஜா பெண் கேட்டதுதான்! பின்னால் 1891ல் ஸி.வி. ராமன் பிள்ளை ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை எழுதியபோது கதை ராஜா பக்கம் சாய்ந்தது. வில்லுக்காரன் தோற்றவன் பக்கம் நின்றான், அச்சில் வந்தது ஜெயித்தவன் பக்கம்.

அடுத்தது 1875. ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்கும் அவர் தம்பி விசாகம் திருநாளுக்கும் ஆகாது. அரண்மனையில் மூத்த ராணி லட்சுமி பாயியின் கணவர் கேரள வர்ம வலிய கோயித் தம்புரான், பெரிய புலவர். தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் என்று சந்தேகப்பட்டு மகாராஜா அவரைப் பிடித்து முதலில் ஆலப்புழையிலும் பிறகு ஹரிப்பாட்டிலும் காவலில் வைத்தார். கணவரை விட்டு விலகச் சொன்னபோது ராணி மறுத்துவிட்டார். 1880ல் ஆயில்யம் திருநாள் காலமாகி விசாகம் திருநாள் பட்டத்துக்கு வந்த பிறகுதான் தம்புரானுக்கு விடுதலை. ஒரு வேடிக்கை பாருங்கள்: இந்த விசாகம் திருநாள் இளையராஜாவாக இருந்தபோது சென்னை இங்கிலீஷ் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியவர். அரண்மனைக்காரருக்கே பேனாவை எடுத்தால் சென்னைதான் தோதாக இருந்திருக்கிறது. உள்ளூரில் எழுதியவர்கள் கதி வேறு. 1867ல் கோட்டயத்திலிருந்து வந்த ‘சந்திஷ்டவாதி’ திவான் நிர்வாகத்தைக் குறை சொன்னதற்காகத் தடை செய்யப்பட்டது.

இனி ராமகிருஷ்ண பிள்ளைக்கு வருவோம். 1878 மே 25ல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். சிறு வயதிலேயே பத்திரிகைப் பித்து பிடித்துவிட்டது. ‘சுதேசாபிமானி’யை அவர் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி, வியாபாரக் குடும்பத்து மனிதர். 1905 ஜனவரி 19ல் அஞ்சுதெங்கில் முதல் இதழ். ஏன் அஞ்சுதெங்கு? திருவிதாங்கூருக்கு நடுவிலே இருந்தாலும் அது பிரிட்டிஷ்காரர் வசமிருந்த துண்டு பூமி. மௌலவி நல்ல அச்சு இயந்திரமாகப் பார்த்து இங்கிலாந்திலிருந்து தருவித்தார். 1906ல் பிள்ளை ஆசிரியரானார்; 1907ல் பத்திரிகை திருவனந்தபுரத்துக்கே மாறியது. அங்கே போனதுதான் வினை என்று நான் நினைக்கிறேன். போட்ட முதலையும் எழுதும் சுதந்திரத்தையும் ஒரே ஆசாமியிடம் கொடுத்துவிட்டு, நீ எழுதுவதில் நான் கைவைக்க மாட்டேன் என்று மௌலவி ஒதுங்கி நின்றாரே, முப்பது நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பிள்ளை என்ன எழுதினார்? உத்தியோகஸ்தர்களின் லஞ்சம், அரண்மனைச் சேவகர்களின் செல்வாக்கு, ஊர்ப்பணத்தில் நடக்கும் ஆடம்பரம், எல்லாவற்றையும் எழுதினார். ராஜா தெய்வத்தின் பிரதிநிதி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். அதோடு நின்றிருந்தால் வேறு. 1907 முதல் திவானாக இருந்த பி. ராஜகோபாலாச்சாரியின் சொந்த ஒழுக்கத்தையும் பத்திரிகையில் இழுத்துப் போட்டார். ஊரே வாங்கி வாசித்தது. மூலம் திருநாள் மகாராஜா 1910 செப்டம்பர் 26ல் விளம்பரம் பிறப்பித்தார்: பத்திரிகை நிறுத்தம், அச்சுக்கூடம் பறிமுதல், ஆசிரியர் நாடு கடத்தல். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, வாதாட வாய்ப்புக் கிடையாது. போலீஸ் அவரைக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் நம் திருநெல்வேலிச் சீமையில் விட்டது.

இந்த இடத்தில் நாம் தமிழர்கள் என்பதால் கொஞ்சம் சங்கடம் உண்டு. திவான் தமிழ் பிராமணர். திருவிதாங்கூர் உத்தியோகங்களில் வெளியூர்த் தமிழரும் மற்றவரும் நிரம்பியிருந்தார்கள். 1891லேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட ‘மலையாளி மெமோரியல்’ மகாராஜாவிடம் போனது, உள்ளூர்க்காரனுக்கு வேலை கொடு என்று. ‘பரதேசி’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் இருந்த உஷ்ணம் பிள்ளையின் எழுத்திலும் உண்டு. அதனாலேயே நம்மவர்கள் சிலர் இந்தக் கதையை ‘அவங்க சமாச்சாரம்’ என்று ஒதுக்கி விடுகிறார்கள். 1425ல் லட்சுமி அம்மாள் கட்டிய விசுவநாதசுவாமி கோயிலைச் சுற்றி வளர்ந்த கல்பாத்தியில் தேர் வடம் பிடிக்கிற நாம் இன்னும் எத்தனை நூற்றாண்டு ‘அவங்க’, ‘நாம’ என்று பேசப் போகிறோம்?

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணக்கு சரியாகாது. புலையர் சமூகப் பிள்ளைகளைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் சேர்க்க அரசு உத்தரவு போட்டபோது, 1910ல், இதே சுதேசாபிமானி எதிர்த்து எழுதியது. குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று உவமை சொன்னது. அதே காலத்தில் அந்தப் ‘பொல்லாத’ திவானின் நிர்வாகம் அய்யன்காளியை ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமித்தது. வீரன் என்று மாலை போட்டவரிடம் இந்தக் கறை. வில்லன் என்று வைத்தவரிடம் அந்த நன்மை. மனுஷன் என்றால் அப்படித்தான் இருக்கும் போல.

எங்கள் சமணத்தில் இல்லறத்தாருக்கு வாய்மை என்ற அணுவிரதம் உண்டு. ‘அருங்கலச்செப்பு’ படித்த நயினார் வீடுகளில் இது தெரிந்த விஷயம். அந்த விரதத்துக்கு ஐந்து அதிசாரம், அதாவது ஐந்து வழுக்கல், சொல்வார்கள். புறங்கூறுவது ஒன்று. பிறருடைய அந்தரங்கத்தை வெளியிடுவது ஒன்று. பொய்ப் பத்திரம் எழுதுவது ஒன்று. ஒப்படைத்த பொருளை மறைப்பதும் ஒன்று. கவனியுங்கள், சொன்னது உண்மையாகவே இருந்தாலும் இன்னொருவர் படுக்கையறைச் சங்கதியை வெளியிட்டால் அது வழுக்கல்தான்.

இதை வைத்துப் பார்த்தால் பிள்ளை எழுதியதை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டது புறங்கூறல் ஆகாது. அது ஜனங்கள் ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவன் கணக்குக் கேட்கிறான். திவானின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதியது வேறு ரகம். ஆனால் சிக்கல் என்னவென்றால் சமஸ்தானத்தில் இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. ராஜாவின் பிரியத்துக்கு ஆளான சேவகன் ஒருவன் உத்தியோகத்தை விற்றால், அது அரண்மனை ரகசியமா, நாட்டு விவகாரமா? நீதிமன்றம் என்று ஒன்று விசாரித்திருந்தால் எது உண்மை, எது வம்பு என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். விசாரணையே இல்லாமல் கடத்தியதால் பிள்ளை எழுதியது மொத்தமும் உண்மை என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அரண்மனைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

நாடு கடந்தவர் சென்னைக்குப் போனார், பிறகு பாலக்காட்டுக்கு வந்தார். பாலக்காடு அப்போது மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. மகாராஜாவின் கை இங்கே நீளாது. அவருக்கு இங்கே அடைக்கலம் கொடுத்தவர் தரவத்து அம்மாளு அம்மா. தமிழிலிருந்தும் சமஸ்கிருதத்திலிருந்தும் மலையாளத்துக்கு நூல்களைக் கொண்டுவந்த விதுஷி அவர். ராஜகோபத்துக்கு ஆளானவனை வீட்டில் ஏற்ற அந்தத் துணிச்சல் அந்தக் காலத்தில் எத்தனை ஆண்பிள்ளைகளுக்கு இருந்தது? பிள்ளையின் மனைவி பி. கல்யாணி அம்மா, தானும் எழுத்தாளர், படித்த ஆசிரியை. கணவரோடு அவரும் ஊரை விட்டு வந்தார்.

பாலக்காட்டுக் காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு, இந்தக் கதைக்கு அக்கம்பக்கமாகச் சொல்லிக் கொள்கிறேன். அஞ்சுதெங்குக்குப் பக்கத்துக் காயிக்கரையில் பிறந்த குமாரன் ஆசான் தம் ‘வீணபூவு’ காவியத்தை 1907ல் எழுதியது நம் ஜைனிமேட்டில்தான், சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிற அதே இடத்தில். ஊர் விட்டு வந்தவனுக்கு எழுத இடம் கொடுக்கிற மண் இது என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிக் கொள்வேன்.

நாடு கடத்தலுக்குப் பின் வந்த அந்தச் சில வருஷங்களில் பிள்ளை சும்மா இருக்கவில்லை. தம்மை நாடு கடத்திய வரலாற்றை ‘என்டெ நாடுகடத்தல்’ என்று எழுதினார். 1912ல் ‘விருத்தாந்தபத்திரப் பிரவர்த்தனம்’ வெளிவந்தது. பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தில் வந்த முதல் நூல். அதே ஆண்டு கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறும் வந்தது. ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து வருஷம் முந்தி! உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. க்ஷயரோகம். 1915ல் கல்யாணி அம்மாவுக்குக் கண்ணூரில் பள்ளி உத்தியோகம் கிடைக்க, குடும்பம் அங்கே போயிற்று. 1916 மார்ச் 28ல் பிள்ளை காலமானார், முப்பத்தெட்டு நிறையவில்லை. பய்யாம்பலம் கடற்கரையில் சமாதி. இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஒரு வியாழ வட்டம், பன்னிரண்டு ஆண்டு. கல்யாணி அம்மா எழுதிய நினைவு நூலின் பெயரே ‘வியாழவட்ட ஸ்மரணகள்’.

பிரிட்டிஷ் பூமி என்றால் முழுச் சுதந்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். 1910ல் வந்த இந்தியப் பத்திரிகைச் சட்டத்தில், சர்க்காரை மட்டுமல்ல, சுதேச ராஜாக்களை வெறுப்புக்கு ஆளாக்கி எழுதினாலும் ஜாமீன் தொகையைப் பறிக்க வழி இருந்தது. 1922ல் அந்தச் சட்டம் ரத்தானபோது ராஜாக்கள் பதறிப் போனார்கள். அவர்களைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது சர்க்கார். சட்டசபை மசோதாவைத் தாக்கல் செய்யவே அனுமதி மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தம் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு அதை நிறைவேற்றினார்.

திருவிதாங்கூரிலோ மூலம் திருநாள் 1924ல் காலமானதும் பழைய கதை புது வேஷத்தில் வந்தது. இளவரசர் சித்திரை திருநாள் சிறுவர். பெரிய ராணி சேது லட்சுமி பாயி ரீஜண்டாக ஆண்டார். இளவரசரின் தாயார் சேது பார்வதி பாயி சின்ன ராணி. இருவரும் ரவி வர்மாவின் பேத்திகள், ஒன்றாகத் தத்து வந்தவர்கள். ஆனாலும் ஆகவில்லை. ரீஜண்டின் கணவர் ஆட்சியில் தலையிடுகிறார் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. எது நியாயமான விமர்சனம், எது எதிர்க்கட்சி ஊதிவிட்ட வம்பு என்று பிரித்தறிவது கஷ்டம். பல நல்ல காரியங்கள் செய்த அந்த அம்மாள் ஆட்சியில்தான், வாட்ஸ் திவானாக இருந்தபோது, 1926ல் பத்திரிகைகளுக்கு லகான் போடும் ஒழுங்குச் சட்டம் வந்தது. லகான் கைமாறினால் யார் கைக்குப் போகும் என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1938ல் சர் ஸி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது ‘மலையாள மனோரமா’வின் லைசென்ஸைப் பறித்து அச்சுக்கூடத்தை மூடினார். அவர்கள் என்ன செய்தார்கள்? கொச்சி சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்த குன்னங்குளத்துக்குப் போய்க் கொஞ்ச காலம் அச்சடித்தார்கள். புதுச்சேரி, அஞ்சுதெங்கு, பாலக்காடு, குன்னங்குளம்... வாளையாறு தாண்டி வந்த நமக்கு எல்லையின் அருமை தெரியாதா என்ன?

பிள்ளைக்குப் புகழ் கிடைத்தது. திருவனந்தபுரம் பாளையத்தில் சிலை நிற்கிறது. மௌலவியின் கணக்கு வெகுநாள் தீராமலே கிடந்தது. பத்திராதிபர் இல்லாத அச்சுக்கூடம் எனக்கு எதற்கு என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இயந்திரத்தைத் திருப்பிக் கேட்டு அரண்மனை வாசலில் நிற்கவில்லை. 1932ல் காலமானார். பறிமுதல் செய்த அச்சுக்கூடத்தை ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சராக இருந்தபோது, 1968ல், அவர் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து.