குடில் பொம்மையை ஐப்பசிக்கு முன்பே சொல்லி வையுங்கள்



டிசம்பர் 20-ஆம் தேதிக்கு மேல் குடில் பொம்மை வாங்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே அனுபவம்தான். மாதா இருப்பார், சூசையப்பர் இருக்க மாட்டார். மூன்று ராஜாக்களில் இருவர் இருப்பார்கள். ஆடுகள் ஏழெட்டு மிஞ்சியிருக்கும், மேய்க்க ஒரு இடையன்கூட இருக்க மாட்டான். "முழு செட்டு போன வாரமே போயிடுச்சு சார்" என்பார் கடைக்காரர். நட்சத்திரத்தின் கதையும் அதுதான். எல்லாரும் விரும்பும் சிவப்பும் மஞ்சளும் போய், யாரும் கேட்காத நிறம் தொங்கிக்கொண்டிருக்கும்.

முந்திப் போகிறவனுக்கு நல்லது கிடைக்கும் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் நான். எதைப் பார்த்தாலும் இது எப்படி வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: முன்கூட்டிக் கேட்கிறவர் இருக்கும் பொருளை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. அவர் கேட்பதால்தான் அந்தப் பொருளே உண்டாகிறது, ஊருக்கும் வந்து சேருகிறது.

முதலில் நம் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சங்கராபுரம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டம், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் கடைத்தெருவின் கணக்கு மாறவில்லை.

அந்த நாளில் நட்சத்திரத்தை வாங்குகிறவர்கள் குறைவு, வீட்டிலேயே கட்டுவார்கள். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர், கூடை முடைகிறவர்களிடம் மூங்கில் பிளாச்சு வாங்கி, ஐந்து முனைக்கும் கோணம் பார்த்துச் சணலால் கட்டுவார். மைதாப் பசை காய்ச்சிக் கலர் தாள் ஒட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு போட்டுவிட்டால், தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. கலர் தாளுக்குத்தான் தகராறு. அதனால் அவர் ஆயுத பூஜை முடிந்த கையோடு ஸ்டேஷனரி கடைக்குப் போய், "சிவப்பு பத்து, மஞ்சள் பத்து" என்று சொல்லிப் பாதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வருவார்.

அந்தக் கடைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "சார், டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில இந்தச் சரக்குக்கு விலையே கிடையாது. பரண்ல போட்டா எலி கடிக்கும், நிறம் வெளுத்துடும். மெட்ராஸ் போய்ச் சரக்கு எடுக்கிறது வருஷக் கடைசியில ஒரே தடவைதான். அதனால யார் யார் சொல்லி வெச்சாங்களோ, அதுக்கு மேல ரெண்டு மூணு தான் கூட எடுப்பேன்."

சென்னை பாரிமுனையில் பந்தர் தெருவும் காசி செட்டித் தெருவும் அவர் போகிற இடங்கள். அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். ஆனால் சங்கராபுரத்துக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குவியல் அல்ல, இவருடைய சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டு. அதில் பெயர் இல்லாதவர்கள்தான் டிசம்பர் 20-க்கு மேல் வந்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள்.

கணக்கு வாத்தியார் கட்டிய நட்சத்திரம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் தொங்கவிடும் வழக்கத்தில் உலகப் புகழ் பெற்றது ஜெர்மனியின் மொராவிய நட்சத்திரம். அது 1830-களில் நீஸ்கி என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், வடிவியல் பாடத்துக்கான செய்முறையாகத்தான் பிறந்தது. பிறகு ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து விற்பனைக்கு வந்தது. அந்த மொராவிய சபையார் 1760-லேயே நம் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். நட்சத்திரம் பிறக்கும் முன்பே, 1803 வாக்கில், அங்கிருந்து போய்விட்டார்கள்.

கடைக்காரர் சொன்ன கணக்கை அமெரிக்காவிலும் பார்க்கலாம். 1880-ல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் ஊரில் எஃப். டபிள்யூ. உல்வொர்த் என்பவர் சின்னக் கடை வைத்திருந்தார். ஒரு இறக்குமதி வியாபாரி ஜெர்மனியின் கண்ணாடி உருண்டைகளைக் கொண்டுவந்து காட்டினார். இதை யார் வாங்குவார்கள் என்று தயங்கித் தயங்கி 25 டாலருக்கு மட்டும் எடுத்தாராம். இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து, 1890-ல், அவரே கப்பலேறி ஐரோப்பா போய் நேரடியாக ஆர்டர் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் பெருகியது.

அந்த உருண்டைகளைச் செய்தது பெரிய ஆலை அல்ல. லௌஷா என்ற மலையூரில் குடும்பம் குடும்பமாகச் செய்தார்கள். அப்பா கண்ணாடியை ஊதுவார், அம்மா உள்ளே வெள்ளிப் பூச்சு பூசுவார், பிள்ளைகள் கொக்கி மாட்டுவார்கள். பெண்கள் கூடையில் சுமந்து சோன்னபெர்க் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். டிசம்பர் பண்டிகைக்கு அவர்களுடைய வேலை வருஷத் தொடக்கத்திலேயே ஆரம்பம். இரண்டாம் உலகப் போர் வந்து ஜெர்மன் சரக்கு நின்றதும், அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி மின்சார பல்பு செய்யும் இயந்திரத்தையே திருப்பிவிட்டு உருண்டை செய்தது. கைதேர்ந்த ஒருவர் ஒரு நாளில் சுமார் 600 செய்ய முடியும் என்றால், அந்த இயந்திரம் ஒரு நாளில் 3 லட்சம் செய்தது. பொருள் தட்டாமல் கிடைத்தது. கைவேலைக் குடும்பங்களின் கதை வேறாகிப் போனது.

இப்போது குடிலுக்கு வருவோம். முதல் குடிலில் பொம்மையே கிடையாது. 1223-ல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் வைக்கோல் பரப்பி, நிஜமான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். பொம்மைகள் பிறகு வந்தன. நேப்பிள்ஸ் நகரத்தில் சான் கிரிகோரியோ அர்மேனோ என்று ஒரு தெரு முழுக்கக் குடில் பொம்மை செய்கிறவர்கள்தான். வருஷம் பூராவும் வேலை நடக்கும்.

நமக்கு அப்படி ஒரு இடம் மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரி. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் என்று அதே வீடுகளில் அதே கைகள் செய்கின்றன. கிருஷ்ணருக்குக் கண் எழுதிய தூரிகை பாலன் இயேசுவுக்கும் கண் எழுதுகிறது. இங்கிருந்து கேரளம் வரைக்கும் சரக்கு போகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பஞ்சாங்கம். மண் பொம்மையை அச்சில் எடுத்து, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, அதன் பிறகு வர்ணம் பூச வேண்டும். சரியாகக் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். குடில் பொம்மைக்கு வேலை மும்முரமாகும் ஐப்பசி, கார்த்திகைதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெயில் இல்லை, விறகு ஈரம், கண்மாயில் தண்ணீர் நிரம்பிவிட்டால் மண் எடுக்கவும் முடியாது. மழைக்காலத்தில் வேலை இல்லை என்பதற்காகவே மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே டிசம்பரில் பொம்மை தீர்ந்துவிட்டால் அந்த வருஷத்துக்குத் தீர்ந்ததுதான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் வெயிலை வரவழைக்க முடியாது.

ஆடி, ஆவணியிலேயே ஆர்டர் போனால் வெயில் இருக்கும்போதே செய்து அடுக்கிவிடலாம். முன்பணம் கையில் இருந்தால் அடைமழை நாளில் அடுப்பு எரியும். கடன் வாங்கிச் செய்து, விற்குமோ விற்காதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். நம்முடைய பக்கத்திலும் கைவேலைக்குக் குறைவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் அந்தக் குறியீடு பெற்றவைதான். குறியீடு பெருமை தரும். உலை கொதிக்க வைப்பது ஆர்டர்.

இயந்திரச் சரக்கின் நியாயம் வேறு. சீனாவின் யிவூ நகரம்தான் இன்று கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களுக்கு உலகச் சந்தை. அங்கே கோடையிலேயே டிசம்பருக்கான சரக்கு பெட்டியில் ஏறிவிடும். அதில் நாம் முந்துவதும் பிந்துவதும் நமக்குள் நடக்கும் ஓட்டப்பந்தயம் மட்டுமே. கேரளத்தில் அந்தந்த வருஷம் ஓடிய படத்தின் பெயரிலேயே நட்சத்திரம் விற்கிறது. 2015-ல் 'பிரேமம்', 2017-ல் 'ஜிமிக்கி கம்மல்' பாட்டு. அந்த வருஷம் அது கிடைக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அடுத்த வருஷம் அதைக் கேட்க ஆளும் இருக்காது. எல்.இ.டி. நட்சத்திரமும் சீரியல் லைட்டும் எப்போது போனாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். மண் பொம்மை அப்படியல்ல. கேட்பவர் குறைந்தால் அச்சு மூலைக்குப் போகும். செய்கிறவரின் மகன் வேறு வேலைக்குப் போய்விடுவான். பிறகு ஆவணியில் போய்க் கேட்டாலும் கிடைக்காது.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது நமக்கெல்லாம் மறக்காது. நட்சத்திரம் கட்ட வேண்டிய டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டுக்குள் சேறு வாரினார்கள். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம்முடைய மழை வாட்டத்துக்கு ஒத்துவராத பேச்சு.

குடில் வைக்கும் நண்பர்களுக்கு எனக்குத் தெரிந்த யோசனை இதுதான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைக்கும்போதே, எது உடைந்தது, எது குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் போடுங்கள். பொம்மையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வரும் ராஜா ஒட்டகத்தைவிட உயரமாக நிற்பார். அந்தத் தாளை ஆவணியில் எடுத்துப் போய்க் கடைக்காரரிடம் கொடுங்கள். கூடவே கொஞ்சம் பணமும் கொடுங்கள். வெறும் வாய்ச்சொல்லை அவர் மறந்துவிடக்கூடும், வாங்கிய முன்பணத்தை எந்த வியாபாரியும் மறந்து நான் பார்த்ததில்லை.