கைக்குத் தெரிந்தது

மனிதன் தன் கையால் செய்துவந்த வேலையை ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்கும்போது வேலையை மட்டுமா ஒப்படைக்கிறான்? அந்தக் கைக்கு இருந்த அறிவையும் சேர்த்தல்லவா கொடுத்துவிடுகிறான்! இதற்கு மோட்டார் காரின் ஜன்னல் கண்ணாடியை ஒரு சாட்சியாக அழைக்கிறேன்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பக்கார்ட் கம்பெனியார், 1941-ஆம் வருஷ மாடல் என்று 1940-லேயே வெளியிட்ட 180 வரிசைக் கார்களில், பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடியை வைத்தார்கள். ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆகாய விமானங்களுக்கு ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின்களைச் செய்து தர அதே கம்பெனி ஒப்புக்கொண்டதும் அந்த 1940-ல்தான். ஒரு கையில் யுத்தம், மறு கையில் சீமான்களின் சௌகரியம்!

அந்தக் காலத்து ஏற்பாட்டில் கண்ணாடியைத் தூக்கியது நேராக மின்சாரம் அன்று. மின்சாரம் ஒரு பம்பை ஓட்டும். பம்பு ஒரு திரவத்தைக் குழாய் வழியாகக் கதவுக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் கண்ணாடி உயரும். பல வண்டிகளில் பிரேக்குக்கு ஊற்றும் திரவமே இதற்கும் பயன்பட்டது. அதற்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நாளடைவில் உலோகம் துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் நைந்து ஒழுகும். ஒழுகிய இடத்தில் வர்ணம் உரியும். 1951-ல் கிறைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் கார் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியது. திரவம் போயிற்று, கண்ணாடியை மின்சார மோட்டாரே நேராகத் தூக்கியது.

தொல்லை தீர்ந்ததா? இடம் மாறியது, அவ்வளவுதான். பழைய வண்டியின் கண்ணாடி அசைய மறுத்தால், உள்விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். விளக்கு சற்றே மங்கினால், பெரும்பாலும் மின்சாரம் மோட்டார் வரை போகிறது என்று கொள்ளலாம். மோட்டாரோ, கண்ணாடி ஓடும் பள்ளமோ இறுகியிருக்கும். மங்கவே இல்லையென்றால் பெரும்பாலும் ஃப்யூஸ், ஸ்விட்ச், அல்லது கதவு திறந்து மூடி வளைந்து கீலருகே அறுந்த கம்பி. ஓட்டுகிறவர் பக்கத்து ஸ்விட்சுக்குப் பணிந்து, அந்தக் கதவின் சொந்த ஸ்விட்சுக்குப் பணியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் பின்னதில்தான். ஆனால் கதவுக்குள் கையை விடுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். செத்ததென்று நினைத்த கண்ணாடி திடீரென்று உயிர்பெற்றால் விரல் போய்விடும்.

விரலுக்கே இந்தக் கதியென்றால் கழுத்துக்கு? கைப்பிடியைச் சுழற்றிய நாளில், கண்ணாடி எதிலாவது இடித்தால் கை உடனே அறிந்து நின்றது. மோட்டாருக்கு அந்த இரக்கம் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிய குழந்தையின் முழங்காலே ஸ்விட்சின் மேல் பட, கண்ணாடி ஏறி உயிரைக் குடித்த சம்பவங்கள் உண்டு. சாவி போடாமல் கண்ணாடி ஏறலாகாது என்ற விதி அமெரிக்காவில் 1971-ல் அமலுக்கு வந்தது. அழுத்தினால் அல்ல, விரலால் மேலே இழுத்தால்தான் மூடவேண்டும் என்று சட்டம் சொல்ல 2005 வரை ஆயிற்று. முதல் பொத்தானுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே அறுபத்தைந்து வருஷங்கள்!

தடை பட்டால் தானே இறங்கிவிடும் கண்ணாடிகளும் வந்திருக்கின்றன. கையிடமிருந்து பறித்த அறிவில் கொஞ்சத்தை யந்திரம் திருப்பிக் கற்றுக்கொண்டது. பழைய வண்டிகளுக்கு அந்தப் படிப்பும் இல்லை. அப்படி ஒன்று வைத்திருக்கும் அன்பர்கள், குழந்தைகள் உள்ளே இருக்கும்போது ஒரு நிமிஷம் இறங்கினாலும் சாவியை எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.