'பாய்': வயது மறுக்கப்பட்ட ஆடவர்

ஆங்கிலத்தில் சிறுவனைக் குறிக்கும் 'பாய்' என்னும் சொல்லைத் தமிழில் எழுதும்போதே ஒரு குழப்பம் நேர்கிறது. அது விரித்துப் படுக்கும் பாயும் அன்று. இசுலாமிய அன்பரை அழைக்கும் பாயும் அன்று. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, காலனித்துவ மலாயாவின் பங்களாக்களிலும் மன்றங்களிலும் அலுவலகங்களிலும் ஒலித்த விளிச்சொல்லை. தலை நரைத்தவரும் அச்சொல்லால் அழைக்கப்பட்டனர் என்பதே அதனை ஆராயத் தூண்டுகிறது.

'சிறுவன்' என்பது அச்சொல்லின் முதற்பொருளாகத் தோன்றவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் ஏவலாளையும் தாழ்நிலையோனையும் அது சுட்டியது. ஆண்குழந்தை என்னும் பொருள் பின்னரே நிலைபெற்றது. இவ்வுறவு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கத்தில் சிறுவனுக்கும் அடிமைக்கும் ஒரே சொல் வழங்கியது. மலாய் மொழியின் 'பூடாக்' மலேசியாவில் குழந்தையையும், இந்தோனேசியாவில் அடிமையையும் குறிக்கிறது.

தென்னிந்தியாவில் இச்சொல் மற்றொரு சொல்லோடு கலந்தது. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வீட்டுப் பணியாளர் 'பாய்' என அழைக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. பல்லக்குச் சுமப்போரைக் குறித்த 'போயி' என்னும் சாதிப்பெயரும் அதே ஒலியில் வழங்கியதை அது சுட்டுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வேறுபாட்டை அறிந்து எழுதினார். பல்லக்கினுள் அமர்ந்து குரல் கொடுத்தவருக்கு அவ்வேறுபாடு தேவைப்பட்டிருக்காது என்றே கருதுகிறோம்.

மலாயாவுக்கு வந்தபோது இச்சொல் இனம் கடந்ததாயிற்று. ஐரோப்பியர் இல்லங்களில் பணிபுரிந்த ஹைனான் சீனரும் 'பாய்', அலுவலகத்தில் கோப்பு சுமந்த தமிழரும் 'பாய்'. சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளில் பெயரற்ற இந்தப் 'பாய்' பானம் ஏந்தி வந்து செல்வதைக் காணலாம். தோட்டப்புறத்திலோ இதன் மறுபக்கம் விளங்கும். கப்பலிலிருந்து இறங்கிய இளம் ஆங்கிலேய உதவி நிர்வாகி 'சின்னத் துரை' ஆனார். பேரப்பிள்ளை கண்ட பணியாளர், அவர் முன் 'பாய்' ஆனார். விளியில் வயது தலைகீழாயிற்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியன இருந்தன. இவற்றோடு ஒன்று: துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயம் கூடாது. கூலிக் கணக்கை மட்டும் பார்ப்போருக்கு இது சிறு செய்தி. எமக்கோ இதுவே அப்பட்டியலின் உயிர்நிலை. 'பாய்' என்னும் சொல் அதில் இல்லை. ஆயினும் முதிர்ந்த ஆடவர் தம்மைச் சிறுவராக நடத்துவதை மறுத்தனர். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மடிந்தனர்.

பழியை அயல்மொழி மீது மட்டும் சுமத்துதல் எளிது. தமிழிலும் இளமைப்பெயர்கள் ஏறியும் இறங்கியும் உள்ளன. மரபியலில் தொல்காப்பியர் 'பிள்ளை'யை இளமைப்பெயர்களுள் வைத்தாலும், மக்களுக்குரியவை குழவி, மகவு என்னும் இரண்டே என வரையறுக்கிறார். அந்தப் 'பிள்ளை'யே பின்னர் மக்கட்கு ஆகி, 'கணக்கப்பிள்ளை' எனப் பதவிப்பெயராகவும் உயர்ந்தது. 'பயல்' இழிந்தது, கங்காணியின் வாயில் அது வசவு. 'தம்பி'யின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. உறவுச்சொல்லாக நம்மோடு கடல் கடந்த அது, மலாய் வழக்கிலும் அலுவலக ஆங்கிலத்திலும் புகுந்து, இந்திய ஏவலாளைக் குறிப்பதாகத் தேய்ந்தது. 'பாய்' செய்த வேலையை, அன்பில் பிறந்த சொல்லே செய்தது.

ஷா ஆலம் முன்னர் சுங்கை ரெங்கம் என வழங்கிய தோட்டப்புறம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. இந்நகர அலுவலகம் ஒன்றில், தேநீர் கொணர்ந்தவரை இளம் அதிகாரி ஒருவர் 'தம்பி' என்றழைக்கக் கேட்டோம். அவ்வதிகாரி தமிழர். கொணர்ந்தவருக்கு எம்மினும் வயது மிகுதி.