மரநிழலில் ஓர் உணவகம்

சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கப்பெற்ற வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தை, அந்நகருக்குச் சென்றுவந்த நம் மூத்தோர் பலர் அறிவர். சமையற்கூடத்தில் எடுபிடிச் சிறுவனாக வாழ்வைத் தொடங்கிய கே. கிருஷ்ணா ராவ் அதனை நிறுவினார். மரநிழலில் நிற்கும் காரின் சன்னலில் தட்டை மாட்டிப் பரிமாறுவர். உள்ளேயோ, ஒரு காபிக்கு மணிக்கணக்கில் அமரலாம், எழுப்புவார் இல்லை. அலுவலக அறையற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அம்மேசைகளே அலுவலகம். வணிகம் பேசியோரும் வேலை தேடியோரும் அருகருகே அமர்ந்தனர்.

சாலையின் இருமருங்கும் பெருங்கட்டடங்கள் எழுந்தன. உணவகம் நின்ற நிலமோ குத்தகை நிலம். அதுபற்றிய நெடிய வழக்கின் முடிவில் 2008இல் கதவடைக்கப்பட்டது. 2010இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அடுக்குமாடி எழாமல் பசுமை நிலைத்தது நன்றே. அதில் குறைகூற இடமில்லை. ஆயினும், இன்று சீட்டு வாங்கி உள்ளே செல்வோர் உலாவித் திரும்புகின்றனர். ஒரு காபியை முன்வைத்துப் பகல் முழுதும் பேசியிருந்த அம்மேசைகள் அங்கில்லை.